ஆபீஸுக்கு வரச் சொல்றதுக்குப் பின்னால இருக்கற காசுக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: சார், கொரோனா சமயத்துல வீட்லருந்து வேலை பார்க்க விட்ட கம்பெனிங்க, வாடகை குடுத்துட்டு இடம் சும்மா கிடக்குதேன்னுதான் திரும்ப ஆபீஸுக்குக் கூப்பிடறாங்களா?

பதில்: எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, ஆனா பாதிதான் சரி. பத்து வருஷ லீஸ் போட்டாச்சுன்னா ஆள் வந்தாலும் வராட்டியும் வாடகை அதேதான், வந்தா கரண்ட், ஏசி, ஹவுஸ்கீப்பிங்னு செலவு கூடத்தான் செய்யும். நிஜமா அடி வாங்கறது பில்டிங் ஓனரும் அவருக்குக் கடன் குடுத்த பேங்கும். அமெரிக்காவுல 2020ல கிட்டத்தட்ட பூஜ்யமா இருந்த ஃபெட் (அந்த நாட்டு மத்திய வங்கி) வட்டி 2023 ஜூலைல 5.25–5.5 சதவீதத்துக்குப் போயிடுச்சு, பழைய கடன் முடிஞ்சு புதுசா வாங்கப் போனா வட்டி எகிறிக் கிடந்துச்சு, பில்டிங்கோ காலி. ஆபீஸ் இடத்தை லீஸுக்கு எடுத்து உள்வாடகைக்கு விடற வீவொர்க் கம்பெனி 2023 நவம்பர்ல திவால் மனு போட்டதும் நீண்டகால லீஸ் சுமை தாங்காமத்தான்.

கேள்வி: அப்ப கம்பெனிக்கு என்னதான் லாபம் அண்ணா?

பதில்: பேரம் பேசற பலம் ஊழியர்கிட்டருந்து கம்பெனி கைக்கு மாறிடுச்சு, எனக்கு இதுதான் முக்கியமான காரணம்னு படுது. 2021ல ஆள் கிடைக்கல, கேட்டதெல்லாம் குடுத்தாங்க. வட்டி ஏறினதும் ஹையரிங் சுருங்கிச்சு, குடுத்ததைத் திரும்ப வாங்கறாங்க. இன்னொண்ணு, தானா ரிசைன் பண்ணிப் போறவங்களுக்கு செவரன்ஸ், அதாவது கம்பெனியே வேலையை விட்டு அனுப்பறப்ப தர்ற பணம், தர வேண்டியதில்ல பாருங்க. 2024ல பாம்பூஹெச்ஆர்ங்கற ஹெச்ஆர் சாஃப்ட்வேர் கம்பெனி எடுத்த சர்வேல, மேல்மட்ட அதிகாரிங்கள்ல 25 சதவீதம் பேர், இப்படி கூப்பிட்டா கொஞ்சம் பேர் தானா போவாங்கன்னு எதிர்பார்த்ததா ஒத்துக்கிட்டாங்க. அநியாயம்தான், அதுல முட்டாள்தனமும் இருக்கு, ஏன்னா முதல்ல போறது வெளிய சுலபமா வேலை கிடைக்கற திறமைசாலிங்கதான்.

கேள்வி: கவர்மென்ட் ப்ரெஷர் இருக்கா?

பதில்: சில ஊர்ல இருக்கு. இத்தனை பேர் இங்க வேலை பார்க்கணும்னு கண்டிஷன் போட்டு வரிச்சலுகை குடுத்திருப்பாங்க. அதோட ஆபீஸ் பில்டிங் மதிப்பு விழுந்தா சொத்துவரியும் விழும்.

கேள்வி: வீட்ல இருந்தா வேலை நடக்கலைங்கறாங்களே?

பதில்: முழு ரிமோட்ல புதுசா சேர்ந்தவங்க கத்துக்கறது கஷ்டம்தான், அதை நான் மறுக்கல. ஆனா கொஞ்ச நாள் ஆபீஸ், கொஞ்ச நாள் வீடுன்னு இருக்கற ஹைப்ரிட் வேற கதை. ட்ரிப்.காம்ங்கற சீன ட்ராவல் கம்பெனில 1,600 பேருக்கு மேல வச்சு பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் ப்ளூம் குழு பண்ணின ஆய்வு 2024ல நேச்சர் அறிவியல் இதழ்ல வந்துச்சு: வாரத்துல ரெண்டு நாள் வீட்லருந்து வேலை பார்த்தவங்க பெர்ஃபார்மன்ஸ் குறையல, வேலையை விட்டுப் போறது மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது.

கேள்வி: மெயில் வந்துடுச்சு அக்கா, என்ன பண்ணட்டும்? ரிசைன் பண்ணிடலாமான்னு தோணுது.

பதில்: கோவத்துல ரிசைன் மட்டும் பண்ணிடாதீங்கம்மா, அது அவங்களுக்குத்தான் மிச்சம். ஆஃபர் லெட்டர்ல வேலை பார்க்கற இடம்னு என்ன போட்டிருக்குன்னு பாருங்க, மேனேஜர் வாய்ல சொன்ன சலுகையை மெயில்ல வாங்கிக்குங்க. முழு ரிமோட் கேக்கறதவிட வாரம் ரெண்டு நாள் வீட்லருந்துன்னு கேட்டா கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி, அதுக்குள்ள வெளிய இன்டர்வியூ ஆரம்பிச்சிடுங்க, கைல ஒரு ஆஃபர் இருந்தா பேச்சே வேற மாதிரி போகும்.