கொலை நடந்த வீட்டில் சிரிக்கலாமா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'கோஸி மிஸ்டரி' என்ற பெயரில் விற்கப்படும் நகைச்சுவை கலந்த துப்பறியும் நாவல்களைச் சில மாதங்களாக வாசித்துவருகிறேன். ஒரு சின்னக் கிராமம், ஒரு வம்புக்காரக் கிழவி, பக்கத்துக்குப் பக்கம் தேநீரும் கேக்கும், நடுவில் ஒரு பிணம். செத்தவருக்காக ஒருவரும் அழுவதில்லை. மறுநாளே எல்லோரும் கேலி பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கொலையாளியைக் கடைசிவரை என்னால் ஊகிக்க முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் கதையின் சாமர்த்தியம் அல்ல, ஓயாத அரட்டையில் என் கவனம் சிதறியதுதான். மரணத்தைப் பொழுதுபோக்காக்கும் இந்தப் புத்தகங்களை மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வாசிக்கலாம் என்பதைத் தவிர இவற்றில் வேறென்ன சிறப்பு இருக்கிறது?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: உங்கள் கவனம் தற்செயலாகச் சிதறியது என்று நினைக்கிறீர்கள். அதைச் சிதறடிப்பதற்காகவே அந்த அரட்டை எழுதப்பட்டது. மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்ததாகவும் கொலையாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, இரண்டையும் சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அகதா கிறிஸ்டி 1930இல் வெளியிட்ட 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' நாவலை எடுத்துக்கொள்வோம். நீங்கள் குறிப்பிடும் வம்புக்காரக் கிழவியான மிஸ் மார்ப்பிள் முதன்முதலில் தோன்றிய நாவல் அது. செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தின் பாதிரியார் கதையைச் சொல்கிறார். மதிய உணவின்போது, மெல்ல முடியாத மாட்டிறைச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டே, கர்னல் புரோதரோவை யாராவது கொன்றால் அது உலகத்துக்கே செய்யும் தொண்டாக இருக்கும் என்று அவர் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைக்கிறார். சில அத்தியாயங்கள் கழித்து அதே கர்னல் அந்தப் பாதிரியாரின் வாசிப்பறையிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார். மேசையில் கவிழ்ந்து நின்றுபோன கடிகாரம் 6 மணி 22 நிமிடம் காட்டுகிறது. காலம் தவறும் பழக்கத்துக்கு மருந்தாக அந்தக் கடிகாரம் எப்போதும் 15 நிமிடம் முன்னதாகவே வைக்கப்பட்டிருக்கும் என்பது வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரியும். பாதிரியார் அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் ஸ்லாக், தமக்கு எல்லாம் தெரியும் என்ற தோரணையில், அவரைப் பேசவே விடுவதில்லை. நாம் அந்த இன்ஸ்பெக்டரின் அலட்டலைப் பார்த்துச் சிரிக்கிறோம்; விசாரணையின் கால அட்டவணையே நம் கண்ணெதிரில் கோணிப்போவதைச் சிரிப்புக்கு இடையில் கவனிக்காமல் விடுகிறோம். (கொலையாளி யார் என்று சொல்லப்போவதில்லை, நீங்கள் இன்னும் வாசிக்காமல் இருக்கலாம்.)

ரத்தமும் இருட்டும் நிறைந்த நாவலில் வாசகர் ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அங்கே ஒரு கடிகாரம் வந்தால் அது சும்மா வராது என்று அவருக்குத் தெரியும். வேலைக்காரியின் மோசமான சமையலும் கணவன் மனைவி கிண்டலும் பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டப் பெருமையும் நிறைந்திருக்கும் நாவலில் அதே கடிகாரம் வெறும் வீட்டுச் சாமானாகவே கண்ணில் படும். மிஸ் மார்ப்பிளையும் அப்படித்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. கொலையைப் பற்றிக் கேட்டால், முன்பு ஊரில் யாரோ செய்த சில்லறைத் திருட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பவரை எந்த அதிகாரி மதிப்பார்? அந்தச் சில்லறைத் திருட்டில் தெரிந்த மனிதக் குணமே இந்தக் கொலையிலும் இருக்கிறது என்பது கடைசியில்தான் விளங்கும்.

செத்தவருக்காக யாரும் அழவில்லை என்ற உங்கள் வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கும் கதைக்கட்டில் ஒரு வேலை இருக்கிறது. எல்லோராலும் வெறுக்கப்பட்டவர் இறந்தால்தான் எல்லோர் மீதும் சந்தேகம் விழும். துக்கம் பக்கங்களை நிறைத்துவிட்டால் புதிரை ஆராய்வதற்கு வாசகருக்கே மனம் வராது. மரணத்தின் கனம் தெரியாதவர்கள் செய்த ஏற்பாடு இது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் உலகப் போரின்போது டார்க்கீ நகர மருத்துவமனையில் காயம்பட்ட சிப்பாய்களுக்குச் செவிலியாக இருந்து, பிறகு அங்கேயே மருந்தகத்தில் வேலை பார்த்தவர் கிறிஸ்டி. விஷங்களை அவர் அறிந்துகொண்டதும் அங்கேதான். 1920இல் வந்த அவருடைய முதல் நாவலை மருந்தாளுநர்களின் தொழில்முறை இதழ் ஒன்று, விஷத்தைச் சரியாகக் கையாண்டிருக்கிறது என்று பாராட்டியது.

துக்கமும் சிரிப்பும் ஒரே புத்தகத்தில் இருக்க முடியாது என்று எண்ணினால், ரிச்சர்ட் ஆஸ்மன் 2020இல் எழுதிய 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' நாவலை வாசியுங்கள். கென்ட் பகுதியில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பில் நான்கு பேர் வியாழக்கிழமைதோறும் கூடிப் பழைய கொலை வழக்குகளை அலசுகிறார்கள். வரிக்கு வரி குறும்பு. ஆனால் அந்த வழக்குக் கோப்புகளைக் கொண்டுவந்த முன்னாள் போலீஸ் அதிகாரி பென்னி அதே குடியிருப்பில் நினைவின்றிப் படுத்திருக்கிறார். நால்வரில் ஒருவரான எலிசபெத்தின் கணவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கிறது. நாளை யார் இருப்போம் என்று தெரியாதவர்கள் அடிக்கும் கேலியைப் பொறுப்பற்ற கேலி என்று என்னால் எண்ண முடியவில்லை.

தமிழில் தேவனின் துப்பறியும் சாம்புவையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 1940களில் ஆனந்த விகடனில் வந்த அந்தக் கதைகளின் நாயகன் அசடு என்று பெயரெடுத்த ஒரு வங்கி குமாஸ்தா. அவன் உளறுவதும் தடுக்கி விழுவதும் எப்படியோ குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்துவிடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் மூக்கின் மேல் விரலை வைப்பார். அங்கே வாசகர் விடுவிப்பதற்குப் புதிர் எதுவும் இல்லை, துப்பறியும் கதையையே கேலி செய்யும் கதை அது. சிரிப்புக்குள் துப்பை ஒளிக்கும் வித்தையைச் சாம்புவிடம் தேடக்கூடாது. அவனிடம் தேட வேண்டியது சிரிப்பை மட்டுமே.

உங்களோடு நான் ஒத்துப்போகும் இடமும் ஒன்று உண்டு. அட்டையில் ஒரு பூனை, கடைசிப் பக்கங்களில் கேக் செய்முறை, நடுவில் பேருக்கு ஒரு கொலை என்று இன்று வந்து குவிகிற பல புத்தகங்களில் அரட்டை எதையும் மறைப்பதில்லை, ஏனென்றால் மறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் செய்தி கடைசி அத்தியாயத்தில், ஒரு தொலைபேசி அழைப்பிலோ பழைய கடிதத்திலோ திடீரென்று வந்து குதிக்கும். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் அப்போதே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று. அவரும் ஒரு பாதிரியார், துப்பறியும் நாவலாசிரியர், அந்த விதிகளைச் சற்றுக் குறும்பாகவே எழுதியவர். அதை மீறும் புத்தகத்தில் எத்தனை தேநீர் ஊற்றினாலும் பயன் இல்லை.

நீங்கள் வாசித்தவை எந்த ரகம் என்று கடிதத்தில் எழுதவில்லை. கையிலிருக்கும் புத்தகத்தின் முடிவைத் தெரிந்துகொண்டபின், வம்பு என்று தள்ளிய முதல் நான்கைந்து அத்தியாயங்களை மறுபடி புரட்டிப் பாருங்கள். விடைக்கான தடயம் அந்த வம்புக்குள் எங்குமே இல்லையென்றால், அந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை நீங்கள் எழுதியது சரி. பெயரைத் தெரியப்படுத்துங்கள், வாங்காமல் இருந்துவிடுகிறேன்.