பகடை ஆடும் தம்பிக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கும் என் தம்பி, வார இறுதிகளில் நண்பர்களோடு கூடி, பலமுகப் பகடைகளை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு ஆடுகிறான். ஐப்பசியில் பிறந்தநாளுக்கு ஊருக்கு வருகிறான். ரெசின் என்னும், ஊற்றியபின் இறுகும் பிளாஸ்டிக் திரவத்தைக் கொண்டு நானே பகடை செய்து தரலாமா? பகடை வடிவில் பலகாரமும் செய்ய ஆசை. – மயிலாடுதுறை வாசகி.

பதில்: ரெசின் பகடையை இந்த ஐப்பசிக்கு வேண்டாம் என்றே சொல்வேன். ரெசினையும் அதை இறுகச் செய்யும் திரவத்தையும் துல்லியமாக அளந்து கலக்காவிட்டால் பகடை பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அடைமழைக்கால ஈரக்காற்றில் மேற்பரப்பு மங்கிப்போவதும் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே தங்கும் காற்றுக் குமிழி. கடுகளவு குமிழி ஒரு முகத்தின் பக்கமாக ஒதுங்கினாலும் எடை சமன் கெடும். அதனால்தான் தேர்ந்தவர்கள் அழுத்தக் கலனுக்குள் வைத்து இறுக வைக்கிறார்கள்.

ஆடுகிறவருக்குக் கொடுக்கும் பகடை நேர்மையாக உருள வேண்டும். ஆகவே ஏழு பகடைகள் கொண்ட தொகுப்பை வாங்கிவிடுங்கள்: நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்டவை ஒவ்வொன்றும், பத்து முகப் பகடை இரண்டும் அதில் இருக்கும். 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழி வந்த ஆட்டங்களுக்கு இதுவே வழக்கமான தொகுப்பு. அக்ரிலிக் பகடையாக இருந்தால், ஒரு தம்ளர் வெந்நீரில் அது மிதக்கும் வரை உப்பைக் கரைத்து, விரலால் பலமுறை சுண்டிப் பாருங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப மேலே வந்து நின்றால், அது ஒருபக்கம் கனத்த பகடை.

உங்கள் கைவேலையை அதற்குத் துணையான பொருள்களில் காட்டலாம். திருபுவனம் பட்டு ரவிக்கையில் மிஞ்சிய துண்டு இருந்தால், பன்னிரண்டு செ.மீ. அகலமும் பதினைந்து செ.மீ. உயரமுமாக ஒரு சுருக்குப் பை தையுங்கள். உள்ளே பருத்தி உள்துணி கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பகடையின் கூரிய விளிம்பு ஜரிகை இழைகளைப் பிடித்து இழுத்துவிடும். பாட்டி வெற்றிலை, சில்லறை வைத்திருந்த அதே சுருக்குப் பைதான், பகடை வைக்க அதைவிடப் பொருத்தமான பை எனக்குத் தெரியவில்லை. உருட்டுவதற்கு, உங்கள் மாவட்டத்துத் தைக்காலில் பின்னும் பிரம்புத் தட்டு ஒன்றை வாங்கி, உட்புறத் தளத்தில் வெல்வெட் துணி ஒட்டிக் கொடுங்கள். சத்தம் குறையும், பகடை மேசையை விட்டு ஓடாது. தஞ்சாவூர் நெட்டியில், அதாவது தக்கை போன்ற நீர்ச்செடித் தண்டில், பகடை செதுக்கலாமா என்று தோன்றலாம். வெண்மையும் அழகும் உண்டு, ஆனால் எடையே இல்லாத அது அலமாரிக்கு மட்டுமே ஆகும்.

பலகாரத்துக்குத் தேங்காய் பர்பியைவிடப் பால்பவுடர் பர்பி நல்லது. தேங்காய்த் துருவலின் சொரசொரப்பில் புள்ளிகள் சரியாக விழா. இரண்டு செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே நெய் தடவிய கத்தியால் இரண்டு செ.மீ. இடைவெளியில் வெட்டுங்கள். உருக்கிய சாக்லேட்டைப் பல்குச்சி நுனியில் தொட்டுப் புள்ளி வையுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: அறுமுகப் பகடையில் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை ஏழு. ஆகவே, ஒன்றும் ஆறும் பக்கத்துப் பக்கத்து முகங்களில் வரவே கூடாது. ஆடுகிறவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும்.

இருபது முகப் பகடையை பிஸ்கட்டில் வரையலாம். அறுகோணமாக வெட்டி, நடுவில் ஒரு முக்கோணம் இடுங்கள். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையும் அறுகோணத்தின் ஒரு மூலையை நோக்கி இருக்கட்டும். ஒவ்வொரு முனையிலிருந்தும், அது நோக்கும் மூலைக்கும் அதன் இருபுறத்து மூலைகளுக்குமாக மூன்று கோடுகள் இழுத்தால், பத்து முகங்கள் தெரியும் பகடை கிடைத்துவிடும். நடுவில் 20, அதை ஒட்டிய மூன்று முகங்களில் 2, 8, 14 என்று எழுதுங்கள். வழக்கமான பகடையில் அப்படித்தான் இருக்கும். மழை விட்டிருந்தால், பிறந்தநாள் காலையில் இதையே வாசலில் கோலமாகப் போடலாம்.

இவற்றோடு கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டையும் வாங்கிச் சேர்த்துவிடுங்கள். வெற்று முகத்தோடு ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் கொண்ட அந்த இரண்டு கட்டைகள் பதினாறு விதமாக விழலாம். அவற்றில் தாயம் (ஒரு கட்டையில் வெற்று முகம், மற்றதில் ஒன்று) விழுவது இரண்டே விதத்தில்தான், அதாவது எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. வாங்கும்போது விளிம்புகள் மழுங்காமல், நான்கு முகங்களும் சம அகலமாக இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கும் இரவில், உங்கள் வீட்டுக் கூடத்தில் தம்பி அதை உருட்டட்டும்.