பங்குக் கொள்கலனில் வரும் வீட்டுச் சாமான்: ஏற்றும் விலையும் இறக்கும் விலையும்

தம்பி, இன்னும் இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வரப்போவதாகவும், சென்னை வீட்டுச் சாமான்களைப் பிறர் சரக்கோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் அனுப்ப ஒரு நிறுவனம் கனமீட்டருக்கு மிகக் குறைந்த விலை சொல்லியிருப்பதாகவும், அதை நம்பி அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் 2012இல் இதே வழியில்தான் சாமான் கொண்டுவந்தேன். அனுப்பலாம் என்பதே என் பதில். ஆனால் உங்களுக்கு இதுவரை சொல்லப்பட்டிருப்பது சாமானைக் கப்பலில் ஏற்றும் விலை மட்டுமே. இங்கே இறக்கி உங்கள் கைக்குக் கொடுக்கும் விலையை இன்னும் யாரும் சொல்லவில்லை.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உங்களிடம் பேசும் பேக்கர்ஸ் நிறுவனம் பெரும்பாலும் தானே கொள்கலன் எடுப்பதில்லை. அவர்கள் உங்கள் சாமானைக் கட்டி, பலருடைய சிறு சரக்குகளைத் திரட்டும் ஒருங்கிணைப்பாளர் ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அவர் கப்பல் நிறுவனத்திடம் ஒரு முழுக் கொள்கலனுக்கு இடம் பிடிப்பார். கப்பல் நிறுவனம் அவருக்கு ஒரு பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான சரக்குச் சீட்டு, கொடுக்கும், அது மாஸ்டர் பில். அவர் உங்கள் பங்குக்கு எழுதித் தருவது ஹவுஸ் பில். ஆக, உங்களுக்கும் கப்பலுக்கும் நேரடி ஒப்பந்தம் கிடையாது. இடையில் இருக்கும் ஒருவர் அடுத்தவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கட்டவில்லை என்றால், நீங்கள் முழுத்தொகை செலுத்தியிருந்தாலும் சாமான் கிடங்கிலேயே நிறுத்தி வைக்கப்படலாம்.

இருபது அடிக் கொள்கலன் ஒன்றின் உள்ளளவு ஏறத்தாழ 33 கனமீட்டர். இடைவெளி போக நடைமுறையில் 25 முதல் 28 வரை அடுக்கலாம். அந்த இடத்தை நிரப்ப ஒருங்கிணைப்பாளர்களுக்குள் கடும் போட்டி இருப்பதால், கடற்கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்துச் சொல்லி, விட்டதைச் சரக்கு போய்ச் சேரும் ஊரில் வசூலிப்பது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். நான் ஏமாந்ததும் இதில்தான். சென்னையில் கடற்கட்டணமாக நான் கொடுத்தது 18,000 ரூபாய். சிங்கப்பூரில் சாமானை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர ஆன செலவு 700 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சற்று மேல், அன்றைய மதிப்பில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். துறைமுகக் கையாளுகைக் கட்டணம், கொள்கலனைப் பிரித்துச் சரக்கை வகைப்படுத்தும் கட்டணம், சரக்கை விடுவிக்கும் ஆணையான டெலிவரி ஆர்டருக்குக் கட்டணம், ஆவணக் கட்டணம், சுங்க அனுமதி பெற்றுத் தரும் முகவரின் கூலி, லாரி வாடகை, ஆள்கூலி என்று அந்த விலைப்பட்டியல் ஒரு பக்கம் முழுக்க நீண்டிருந்தது. யார்மீதும் மோசடி என்று குற்றம் சாட்டவும் முடியவில்லை, ஏனென்றால் நான் கையெழுத்திட்ட தாளின் அடியில், சேருமிடக் கட்டணங்கள் தனி என்று பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

இவற்றில் சில கனமீட்டர் கணக்கிலும் சில பில் ஒன்றுக்கு இவ்வளவு என்றும் விதிக்கப்படுகின்றன. ஒரே ஒரு கனமீட்டர் அனுப்புகிறவரும் பத்து அனுப்புகிறவரும் டெலிவரி ஆர்டருக்கு ஒரே தொகையைத்தான் கட்டுவார்கள். கொஞ்சமாக அனுப்பினால் கொஞ்சமாகத்தான் செலவாகும் என்று எண்ணுவது இங்கே பலிப்பதில்லை. அளவு குறையக் குறைய ஒரு பெட்டிக்கு விழும் செலவு கூடிக்கொண்டே போகும்.

அளவெடுப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. கடல்வழிச் சரக்கில் ஒரு கனமீட்டர், அல்லது ஆயிரம் கிலோ, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். வீட்டுச் சாமான் எதுவும் கனமீட்டருக்கு ஆயிரம் கிலோவை எட்டுவது அரிது, புத்தகங்கள் உட்பட. அதனால் நாம் கொடுப்பதெல்லாம் இடத்துக்கான விலையே. விமானச் சரக்கில் கனமீட்டருக்கு 167 கிலோவைத் தாண்டினாலே எடைக்குக் கட்டணம் என்பதால், அங்கே புத்தகமும் பித்தளைப் பாத்திரமும் கையைச் சுடும். கப்பலிலோ காற்றடைத்த சோபாவும் பஞ்சு மெத்தையும்தான் பணத்தை விழுங்கும். வழக்கமான இரும்பு பீரோ ஒன்றை 198 செ.மீ. உயரம், 91 அகலம், 48 ஆழம் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், 0.86 கனமீட்டருக்கு மேல் வரும். உள்ளே ஒரு புடவைகூட இல்லாமல் அந்த வெற்றிடத்துக்குக் கடல் கடக்கப் பணம் கட்டுவீர்கள். அதோடு, வீட்டுக்கு வந்து கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு ஒன்று, கட்டிய பிறகு கிடங்கில் நாடா பிடித்து எடுக்கும் அளவு வேறு. எனக்கு 2.4 கனமீட்டர் என்றார்கள். ஒட்டுப்பலகைப் பெட்டியில் அடைத்த பிறகு அது 3.1 ஆயிற்று. பெட்டிக்கு வெளியே ஒரு கட்டில் கால் துருத்திக்கொண்டிருந்தாலும் அதன் நுனிவரை அளப்பார்கள்.

பணத்தைக் காட்டிலும் நீங்கள் யோசிக்க வேண்டியது, முன்பின் தெரியாதவர்களின் சரக்கோடு உங்கள் சாமான் கட்டுண்டு கிடப்பதைப் பற்றித்தான். கப்பல் சென்னையிலிருந்து இங்கே வர ஒரு வாரம் போதும். ஆனால் நிரம்பும்வரை கொள்கலன் புறப்படாது. புறப்பட்டு வந்தாலும், உள்ளே இருக்கும் எட்டுப் பத்துப் பேரில் ஒருவருடைய ஆவணம் பிசகினாலும், ஒருவருடைய பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்க்க விரும்பினாலும், அத்தனை பேருடைய சரக்கும் காத்துக் கிடக்கும். என் சாமான் 19 நாள் நின்றது. வேறு யாரோ ஒருவருடைய பட்டியலில் எழுதியிருந்ததும் பெட்டிக்குள் இருந்ததும் பொருந்தவில்லையாம். அந்த நாள்களில் தரையில் பாய் விரித்து, கடன் வாங்கிய இரண்டு பாத்திரங்களில் சமைத்தோம். துறைமுகமே நெரிசலில் சிக்குவதும் உண்டு. செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரத் தொடங்கிய பின், 2024 மே மாதவாக்கில் சிங்கப்பூரில் கொள்கலன் கப்பல்கள் துறைமேடைக்கு நாள்கணக்கில் காத்திருந்தன. ஆகவே கதவுக்குக் கதவு மூன்று முதல் ஆறு வாரம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிச் சான்றிதழ், மருந்து, குழந்தையின் பொருள், சமையலுக்கான முதல் மாதத் தேவை எல்லாவற்றையும் விமானப் பெட்டியிலேயே எடுத்து வாருங்கள்.

அண்டைச் சரக்கின் வாடையும் நமக்குப் பங்காக வரும். சென்னையிலிருந்து தோல் பொருள்கள் ஏராளமாக ஏற்றுமதியாகின்றன. எங்கள் மெத்தை கப்பலில் யாருக்குப் பக்கத்தில் படுத்திருந்தது என்பதை அதை அவிழ்த்த மறுகணமே தெரிந்துகொண்டோம். பகலில் கொதித்து இரவில் குளிரும் இரும்புப் பெட்டிக்குள் ஈரம் வியர்த்துச் சொட்டுவதும் இயல்பு. துணியையும் புத்தகத்தையும் நெகிழித்தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கூடவே வைக்கச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டிகளை அப்படியே அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். பங்குக் கொள்கலனில் உங்கள் பெட்டி ஏற்றப்படுவதும் இறக்கப்படுவதும் குறைந்தது நான்கு முறை, அதன் தலைமேல் எந்த இயந்திரம் உட்காரும் என்று உங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரு பலகைப் பெட்டிக்குக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

அடுத்தது, பலர் கேள்விப்பட்டேயிராத ஒரு சட்டம். கடலில் ஆபத்து நேர்ந்து, கப்பலையும் மீதிச் சரக்கையும் காப்பாற்றச் செலவோ தியாகமோ செய்யப்பட்டால், அந்தச் சுமையைக் கப்பல் உரிமையாளரும் சரக்கு வைத்திருக்கும் அனைவரும் தத்தம் மதிப்புக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதற்கு ஜெனரல் ஆவரேஜ் என்று பெயர். யார்க்–ஆன்ட்வெர்ப் என்ற பன்னாட்டு விதிகளின்படி கணக்கிடுவார்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்ற எவர் கிவன் கப்பலில் இது அறிவிக்கப்பட்டது. அந்தக் கப்பல் எகிப்திலிருந்து விடுபட ஜூலை மாதம் ஆயிற்று. அதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர்க் கொடி தாங்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கியது. எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 2025 மே மாதம் 640 கொள்கலன்களோடு கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அடுத்த மாதமே சிங்கப்பூர்க் கொடியுள்ள வான் ஹாய் 503 கேரளக் கடலில் தீப்பிடித்தது. ஜெனரல் ஆவரேஜ் அறிவித்துவிட்டால், பிணையம் கொடுக்காமல் சரக்கை விடமாட்டார்கள்; காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதக் கடிதம் தரும், இல்லாதவர் ரொக்கம் கட்ட வேண்டும். பங்குக் கொள்கலனிலோ, உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் பிணையம் கொடுத்து முடிக்கும்வரை கொள்கலன் நகராது. நீங்கள் எல்லாம் சரியாகச் செய்திருந்தும், காப்பீடு எடுக்காத ஒருவருக்காகக் காத்திருப்பீர்கள்.

காப்பீடு எடுக்காமல் அனுப்பவே வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. சரக்கைச் சுமந்தவரிடம் இழப்பீடு கேட்கலாமே என்றால், கடல்வழிச் சரக்குக்கான ஹேக்–விஸ்பி என்ற பன்னாட்டு விதிகளில் அவருடைய பொறுப்புக்கு வரம்பு இருக்கிறது: ஒரு சிப்பத்துக்கு 666.67 எஸ்டிஆர், அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், இரண்டில் எது அதிகமோ அது. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. இதில் ஒரு நுணுக்கம்: பில்லில் ஒரு மரப்பெட்டி என்று மட்டும் எழுதியிருந்தால் உங்கள் வீடு முழுவதும் ஒரே சிப்பமாகக் கருதப்படக்கூடும்; ஒரு மரப்பெட்டியில் 38 அட்டைப்பெட்டிகள் என்று எழுதியிருந்தால் 38 சிப்பம் என்று வாதிட இடமுண்டு. அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டிலும் நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்த பொருளுக்குப் பெரும்பாலும் பணம் வராது. பூஞ்சைக்கும், காரணமின்றி ஓடாமல் போன மின்சாதனத்துக்கும் விலக்கு இருக்கும். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைப் பாதியாகச் சொன்னால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும்.

சுங்க விஷயம் ஒப்பீட்டளவில் எளிது. இங்கே பொருள், சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. குடிபெயர்ந்து வருகிறவரின் பழைய வீட்டுச் சாமானுக்கு விலக்கு கிடைக்கும். ஆனால் பொருள் உங்களுடையதாகவும், குறைந்தது மூன்று மாதம் நீங்கள் பயன்படுத்தியதாகவும் இருக்க வேண்டும், நீங்கள் முதலில் வந்திறங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வந்து சேர வேண்டும், வந்த பின் மூன்று மாதம் விற்கவோ கைமாற்றவோ மாட்டேன் என்று உறுதி தர வேண்டும். வாகனம், மது, புகையிலை இதில் சேரா. ஆகையால் பயணத்துக்கென்று தி.நகரில் வாங்கும் புதுப் பாத்திரங்களுக்கு விலக்கு கிடைக்காது. மெல்லும் புகையிலை, மின்சிகரெட், தீபாவளிக்கு மிஞ்சிய மத்தாப்பு எதையும் மறந்தும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். கசகசாவும் வேண்டாம், இங்கே அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கண்ணோடு பார்ப்பார்கள். அம்மா அன்பாக மசாலா டப்பாவுக்குள் வைத்த ஒரு பொட்டலம், பத்துக் குடும்பங்களின் சாமானை நிறுத்திவிடும்.

என்ன அனுப்பலாம்? மின்னழுத்தம் இரு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் கிரைண்டரும் மிக்ஸியும் இங்கே ஓடும், பிளக் மட்டும் மாறும். ஆனால் அவை இங்குள்ள இந்தியக் கடைப்பகுதியான தேக்காவிலேயே கிடைக்கின்றன. முதலில் நீங்கள் அநேகமாக ஒரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டிலோ அதில் ஓர் அறையிலோ வாடகைக்கு இருப்பீர்கள். கட்டிலும் அலமாரியும் பெரும்பாலும் வீட்டுக்காரரே போட்டிருப்பார். முகவரி உறுதியாகும் முன் சாமான் வந்துவிட்டால், சில நாள் சலுகைக்குப் பிறகு கிடங்கு வாடகை ஓடத் தொடங்கும். எங்கள் வீட்டுத் தேக்கு ஊஞ்சல் பலகையை நான் பிடிவாதமாகக் கொண்டுவந்தேன். கூரையில் கொக்கி மாட்ட வீட்டுக்காரர் ஒப்பவில்லை, பதின்மூன்று ஆண்டுகளாக அது செருப்பு வைக்கும் பலகையாக இருக்கிறது. புத்தகம், பித்தளை, வெண்கலம், விளக்கு, குழந்தையின் சைக்கிள் என்று இரண்டு மூன்று கனமீட்டருக்குள் அடங்குமானால் பங்குக் கொள்கலன் பொருந்தும். பன்னிரண்டு, பதினைந்து என்று ஏறினால், இருபது அடிக் கொள்கலனைத் தனியாக எடுக்கும் விலையையும் கேளுங்கள். வித்தியாசம் சிறிதாக இருக்கலாம், கொள்கலன் உங்கள் வீட்டு வாசலில் பூட்டப்பட்டு இங்கே உங்கள் பெயரில் திறக்கப்படும்.

இன்றே அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சென்னை வீட்டிலிருந்து சிங்கப்பூர் வீட்டுக்குள் வைக்கும்வரை மொத்தத் தொகை எவ்வளவு, சிங்கப்பூரில் நான் கட்ட வேண்டியது எது எது, யாரிடம், கட்டிய பிறகு அளவு கூடினால் என்ன விகிதம், மின்தூக்கி நிற்காத மாடிக்குத் தனிக்கூலி உண்டா, இங்கே சரக்கை ஒப்படைக்கப்போகும் முகவர் யார் என்று கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் பதில் போதாது. சாமான் வந்து சேரும் நாளில், எல்லாம் நலம் என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாமல், நசுங்கிய பெட்டிகளைப் படமெடுத்துத் தாளிலேயே குறித்துவிடுங்கள். வெளியே தெரியாத சேதத்தை மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வழக்கு என்று போனால் ஓராண்டுதான் கெடு. நான் கேட்கச் சொன்ன கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்ததும் எனக்கும் அனுப்பி வையுங்கள், சேருமிடக் கட்டணங்களை வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.