ஐப்பசி வந்தால் பூனை சொறிகிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மண்டபம் பக்கம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வீட்டில் இப்போது நாலு பூனை. பூனைச் சொறி பற்றி நீங்கள் கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஊசி மருந்துக்கு மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

கீழக்கரை அக்கா: மாடி வீடு, பூனையை வெளியே விடுவதே இல்லை. அடைமழை தொடங்கியதும் வால் தொடங்குகிற இடத்தில் முடி கொட்டுகிறது, தடவினால் கடுகு கடுகாகப் பொருக்கு. தெள்ளுப்பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. என்ன நோய்?

தெள்ளுதான் அக்கா. பூனை நாள் முழுக்க நக்கி நக்கி அதை விழுங்கிவிடும், அதனால் கண்ணில் படாது. பேன் சீப்பால் வாலடியில் வாரி, விழுகிற கருந்தூளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்மண் நிறத்தில் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது உங்கள் பூனையின் ரத்தம். அலர்ஜி உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடி போதும், தெள்ளின் எச்சில்தான் ஆகாது. மாடிக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். படிக்கட்டில் படுக்கும் தெருப்பூனை, எலி, நம் கால்சட்டை, எதில் வேண்டுமானாலும் ஏறி வரும்.

பூனை மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டை உருண்டு விழுந்து, புழுவும் கூடும் கட்டிலடியிலும் சுருட்டி வைத்த பாயிலும்தான் கிடக்கும். புழுவுக்கு ஈரம் வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்து சாகும், ஐப்பசியில் நாம் ஜன்னலைச் சாத்தி, பாயையும் காயப்போடாமல் அதற்குப் பிரசவ அறை கட்டிக் கொடுக்கிறோம். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே பிடரியில் விடும் சொட்டு மருந்தை வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று மாதம் விடுங்கள். விரிப்பைக் கொதிநீரில் துவைத்து, கட்டிலடியைத் தினமும் பெருக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. நாய்க்கு வாங்கியதைப் பூனைக்கு விடாதீர்கள். பல நாய் மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. என் மச்சான் ஒருமுறை பாசத்தில் நாய்க்கு மிஞ்சியதை என் சாம்பல் குட்டிக்கு ஊற்றிவிட்டார். ஊற்றியது சாயங்காலம். ராத்திரி பத்து மணிக்கு முதலில் காது மட்டும் துடித்தது, ஏதோ ஈ உட்கார்ந்தது என்று நினைத்தேன். அரை மணியில் பின்னங்கால் வெட்டி இழுத்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி, துண்டில் சுற்றி, டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினோம். பிழைத்தது.

தேவிபட்டினம் தம்பி: வேப்பெண்ணெயில் கற்பூரம் போட்டுத் தடவலாமா?

வேண்டாம். தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும்.

பாம்பன் தங்கச்சி: குட்டிக்கு முகத்தில் வட்ட வட்டமாக முடி இல்லை. என் பையன் கையிலும் வளையமாகத் தடிப்பு.

படர்தாமரை. மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. கேனிஸ் என்றால் நாய்; பெயரில் நாய், குடியிருப்பு பூனையில். குட்டியைத் தனி அறையில் வையுங்கள், உதிர்ந்த முடியைப் பெருக்கி எடுங்கள், அதிலுள்ள வித்து ஒரு வருஷத்துக்கு மேலும் தாங்கும். பையனைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், அமுங்கினாற்போலத் தெரிந்து பரவும்.

ஏர்வாடி: மூக்குத்தண்டிலும் காதிலும் மட்டும் புண். சாயங்காலம் ஜன்னல் கம்பியில்தான் உட்காரும்.

கொசுக்கடி அலர்ஜியாக இருக்கலாம். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். ஆறவில்லை என்றால் காட்டுங்கள்.

தங்கச்சிமடம் அண்ணன்: தெள்ளு கிள்ளு ஒன்றுமில்லை, மீன் சூடுதான் காரணம். மீன்பிடித் தடைக்காலத்தில் கோழியும் சோறும் தின்றபோது என் பூனைக்குச் சொறியே இல்லை.

இதற்காகத்தான் காத்திருந்தேன். மீன் ஒவ்வாமை பூனைக்கு உண்டு, மறுக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க டாக்டர் சொல்வதும் எட்டு வாரம் மீனை நிறுத்திப் பார் என்பதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், சர்க்கார் செலவில் உங்களுக்குச் சோதனை நடந்துவிட்டது! ஆனால் சோதனையின் மறுபாதி, திரும்ப மீன் போட்டுப் பார்ப்பது. ஆனியில் போட்டீர்கள். சொறி எப்போது திரும்பியது?

தங்கச்சிமடம்: ஐப்பசியில்.

மீன் என்றால் சில நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் திரும்பியிருக்கும். நாலு மாதம் தின்று சும்மா இருந்திருக்கிறதே அண்ணே.

தொண்டி: தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகில் சூடை மீனும் காரல் மீனும் வந்துகொண்டுதான் இருக்கும். இது என்ன சோதனை?

நியாயம். அவர் வீட்டுச் சட்டியில் என்ன வெந்தது என்று நான் பார்க்கவில்லை. மீன் நிற்காமலே சொறி நின்றது என்றால் மீன் மேல் பழி போட இன்னும்கூட இடமில்லை.

தங்கச்சிமடம்: எங்கள் பாட்டி காலத்திலிருந்து சூடு என்றுதான் சொல்வார்கள்.

பாட்டி காலத்திலும் ஐப்பசியில் மழை பெய்தது.

மண்டபம் அக்கா: எனக்கு அப்படி இல்லை. படகு இறங்கிய வாரமே முகத்தையும் கழுத்தையும் ரத்தம் வரச் சொறியும். மூன்று வருஷமாக இதே கதை.

இதை ஒத்துக்கொள்கிறேன். முகமும் கழுத்தும், மழை இல்லாத ஆனியில், மீன் வந்த வாரத்திலேயே: உங்கள் பூனைக்கு மீன்தான் என்று படுகிறது. எட்டு வாரம் கோழி மட்டும் கொடுங்கள். கருவாட்டுத் தலை, மீன் வாசனை போட்ட பாக்கெட் தீனி இரண்டும் மீன்தான், ஏமாறாதீர்கள். தங்கச்சிமடம் அண்ணே, இதில் உங்களுக்குப் பாதி வெற்றி.

திருப்பாலைக்குடி: நாய் ஷாம்பூ போட்டால் தெள்ளு போகுமா?

கீழக்கரைக்கு எழுதியதைப் படியுங்கள்.

வாலிநோக்கம்: நாய் பவுடர்?

அதையேதான் படியுங்கள்.

ராமேஸ்வரம்: கடலில் முக்கி எடுத்தால்?

உப்பு காய்ந்து இன்னும் அரிக்கும். பிறாண்டல் உங்களுக்கு.

சாயல்குடி: சொறி இல்லை, வேறு கேள்வி. வாலடியில் காய்ந்த அரிசி மாதிரி ஒட்டியிருக்கிறது.

நாடாப்புழுத் துண்டு. புழு மாத்திரை டாக்டரிடம் வாங்குங்கள். அது வந்தது பூனை விழுங்கிய தெள்ளிலிருந்து, ஆகவே வேறு கேள்வி இல்லை, அதே கேள்விதான்.