ராஜினாமா கடிதம் கடைசியில்தான்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஊர். வயது 29. பிளஸ் டூவில் காமர்ஸ், அப்புறம் பி.காம். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க் ஐ.டி. பூங்காவில், கணக்குப் பிரிவில் வேலை. விமானி ஆக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 18 லட்சம் சேர்த்திருக்கிறேன். மீதிக்கு வீட்டையும் ரப்பர் தோட்டத்தையும் அடமானம் வைக்கலாம் என்கிறார் அப்பா. அடுத்த மாதமே வேலையை விட்டுப் பயிற்சியில் சேரலாமா?

பதில்: ஆசையை விட வேண்டாம், வேலையையும் இப்போது விட வேண்டாம். சம்பளம் வாங்கிக்கொண்டே முடிக்க வேண்டிய வேலை உங்களுக்கு நிறைய இருக்கிறது.

முதலில் மருத்துவச் சோதனை. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டு, கையோடு முதல் வகுப்புக்கும் போய்விடுங்கள். சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான வணிக விமானி உரிமம் (சி.பி.எல்.) வாங்க முதல் வகுப்பு கட்டாயம். கண்ணாடி போடுவது பெரும்பாலும் தடையில்லை. ஆனால் நிறப்பார்வைக் குறை, காது, இதயம் இவற்றில் சிக்கல் இருந்தால் லட்சங்களைக் கட்டும் முன்பே தெரிந்துவிடும். இரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு முதல் வகுப்பில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அடுத்தது, நீங்கள் காமர்ஸ். சி.பி.எல்.லுக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேவை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) வழியாக அந்த இரண்டையும் எழுதித் தேறலாம். அப்புறம் டிஜிசிஏ தாள்கள்: வான்வழிச் செலுத்தம், வானிலையியல், விமான விதிமுறைகள், தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். குழித்துறையில் ரயிலேறிக் கழக்கூட்டத்தில் இறங்குகிறவருக்குப் படிக்க நேரம் இல்லை என்று சொல்ல முடியாது! தாள்களை முடித்துவிட்டுப் போகிறவருக்குப் பயிற்சிப் பள்ளியில் பறப்பது மட்டும்தான் வேலை.

அந்தப் பறப்பு 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானி, அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பும் உங்களுடையது. ஒரு வருடத்தில் முடியும் என்று விளம்பரம் சொல்லும். ஒன்றரை, இரண்டு வருடம் என்றே கணக்குப் போடுங்கள். மழை வந்தால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நிற்பது மாதிரி பயிற்சியும் நின்றுவிடும். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாதெமியில் சேர்ந்தாலும், உத்தரப்பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் விமானப் பயிற்சிப் பள்ளியான இக்ருவாவில் சேர்ந்தாலும் பருவமழையும் பனிமூட்டமும் ஏதாவது ஒரு மாதத்தைத் தின்றுவிடும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்க டிஜிசிஏ வெளியிடும் தரவரிசையைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். மேகமில்லாத ஒரு நாள் காலை ஏழு மணிக்கு நேரில் போய் நில்லுங்கள். எட்டு விமானம் இருக்கிறது என்பார்கள். எத்தனை ஓடுபாதைக்குப் போகின்றன, எத்தனை எஞ்சின் மூடி திறந்தபடி ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) கிடக்கின்றன என்று எண்ணுங்கள். அங்கே படிக்கும் மாணவரிடம் பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தார் என்பது அதில் இருக்கும். மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை, இடையில் நின்றால் மீதிப் பணம் திரும்ப வரும் என்ற ஷரத்து, இரண்டும் எழுத்தில் வேண்டும்.

இனி பணம். பயிற்சிக்குச் சுமார் 50 முதல் 60 லட்சம். உரிமம் கையில் வந்தாலும் ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்துக்கான தகுதிப் பயிற்சி) தனியாக வேண்டும்; அதற்கு 15 லட்சத்துக்கு மேல். சாப்பாடு, தங்குமிடம் வேறு. உங்கள் 18 லட்சம் போக 60 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 50,000 ரூபாய் வட்டி மட்டுமே ஓடும். 15 வருடத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 64,500.

அப்பா இரண்டையும் சொன்னாலும் வங்கியின் கண் வீட்டின் மேல்தான் இருக்கும். விவசாய நிலத்தை, கடன் திரும்பாதபோது வங்கி அடமானச் சொத்தை எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் கைப்பற்ற முடியாது என்பதால் பல வங்கிகள் தோட்டத்தை ஏற்கத் தயங்கும். ஆகவே, ‘குடியிருக்கும் வீட்டை வைக்கலாமா’ என்றுதான் நீங்கள் வீட்டில் பேச வேண்டும். என்னைக் கேட்டால், வீடு ஒன்றே ஒன்று என்றால் வைக்க மாட்டேன். இன்னும் இரண்டு வருடம் சேமித்துக் கடனைக் குறைப்பேன்.

அப்படித் தள்ளிப்போட வயது இடம் தருமா? சட்டப்படி தரும், உரிமத்துக்கு 18 வயதுதான் கீழ்வரம்பு, பயணிகள் விமானத்தில் 65 வரை பறக்கலாம். நெருக்குவது நிறுவனங்கள் புதியவர்களை எடுக்கும்போது வைக்கும் வயது வரம்பு. இப்போதைய ஆள்சேர்ப்பு விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள், உங்கள் கெடு அதில் தெரியும்.

உரிமம் வந்த அன்றே வேலை வராது. 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் என்ற விமான நிறுவனங்கள் சேவையை நிறுத்தியபோது அனுபவமுள்ள விமானிகள் வேலை தேடி வந்தார்கள். 200 மணி நேரக்காரர் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க முடியும். வேலையில்லாமல் ஒரு வருடம் தவணை கட்டும் தொகையைத் தொடாமல் தனியாக வையுங்கள். நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள். காத்திருக்கும் மாதங்களில் கணக்கு வேலை கைகொடுக்கும்.