பட்டியல் பெரிசா, குடா பெரிசா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் ஆகின்றன. மகன் வேலைக்குப் போய்விட்டான். ஜூலையில் துருக்கிக்குப் போய், மரப் படகிலேயே தங்கிக் கடலோரமாக நாலு நாள் சுற்றலாம் என்கிறார் கணவர். ஃபெத்தியேயில் தொடங்கி ஒலிம்போஸ் வரை பார்க்க வேண்டிய இடங்களை ஒரு பக்கத்துக்குப் பட்டியல் போட்டுவிட்டார். எனக்கு அமைதியாக ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதும். நீச்சல் தெரியாது, சைவம் வேறு. போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: தாராளமாகப் போகலாம். மாற்ற வேண்டியது மாதத்தையும் பாதையையும்தான்.

முதலில் பாதை. ஒலிம்போஸ் வரை என்று விற்றாலும் பெரும்பாலான படகுகள் தெம்ரே பக்கமே நின்றுவிடும். மிச்ச தூரம் சாலை வழிதான். அதைவிட முக்கியம், ஒலுதெனிஸ் தாண்டியதும் வருகிற ஏழு முனைப் பகுதி. அங்கே ஒதுங்க இடமில்லாத திறந்த கடல், அலை நன்றாகத் தூக்கிப்போடும். முதல் முறை படகில் தூங்கப் போகிறவர்களுக்கு அது தேவையா?

அதற்குப் பதில் ஃபெத்தியே பக்கத்திலேயே இருக்கிற கோஜெக் வளைகுடாவுக்குள் மட்டும் சுற்றுகிற படகாகப் பாருங்கள். தலமன் விமான நிலையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். சுற்றிலும் தீவுகள் மறைப்பதால் உள்ளே தண்ணீர் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். ஒரு குடாவிலிருந்து அடுத்ததற்குப் போகவும் அதிக நேரம் ஆகாது. காலையில் காற்று எழும் முன்பே நகர்ந்துவிடுவார்கள். புதுக் குடாவில் படகைப் பின்னோக்கிக் கொண்டுபோய், ஒரு பையன் கயிற்றோடு நீந்திக் கரையேறிக் கட்டுவான். கட்டியாயிற்றா, அப்புறம் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. கரையோரப் பைன் மரத்திலிருந்து சில்வண்டுச் சத்தம் மட்டும் விடாமல் வரும். நீங்கள் கேட்ட அமைதி இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஏதாவது வேண்டுமே. தாஷ்யாகா குடாவில் ஓவியர் பெத்ரி ரஹ்மி 1970களில் ஒரு பாறையில் தீட்டிய மீன் இருக்கிறது, மேலே ஏறினால் அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்த லிசியர்களின் கல்லறைகள். ஹமாம் குடாவில் பாதி மூழ்கிய குளியல் கட்டடத்தின் சுவர்களைத் தண்ணீருக்குள் பார்க்கலாம். கடலில் மூழ்கிய பழைய ஊர் இருக்கிற கெகோவாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், படகை விட்டு இறங்கிய பிறகு காஷ் ஊரில் இரண்டு நாள் தங்கி அங்கிருந்து பகல் படகில் போய் வாருங்கள். நில நடுக்கத்தில் மூழ்கிய அந்த ஊரின் மேல் நீந்தத் தடை உண்டு, மெதுவாகக் கடந்து போவதுதான். ஆக, பார்ப்பதற்குப் பகல் படகே போதும்.

இந்தப் படகுப் பயணத்தைப் பிரபலமாக்கியவரே 1925-ல் போத்ரூம் என்கிற துருக்கிக் கடலோர ஊருக்குத் தண்டனையாக அனுப்பப்பட்ட எழுத்தாளர் ஜெவாத் ஷாகிர். கடற்பஞ்சு எடுக்கும் படகில் நண்பர்களோடு சும்மா சுற்றியவர் அவர். உங்கள் வீட்டுக்காரர் பட்டியலை வைத்துக்கொண்டு வாதாடினால் இந்த ஆளைச் சொல்லுங்கள்.

மாதம்: ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமை, கூட்டமும் அதிகம், பிற்பகல்களில் மெல்தெம் என்கிற வடமேற்குக் காற்று பிடித்துக்கொள்ளும். ஜூன் பிற்பாதி அல்லது செப்டம்பர் நல்லது. என் ஓட்டு செப்டம்பருக்கே. கோடை முழுக்க வெயில் வாங்கிய கடல் அப்போது வெதுவெதுப்பாக இருக்கும்.

நீச்சல் தெரியாததை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். கோஜெக் குடாக்களில் கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் இறங்கிவிடும், ஏணியில் இறங்கிக் கால் ஊன்றலாம் என்று நினைக்காதீர்கள். மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஏணியைப் பிடித்தபடி இறங்குங்கள். நம் கடலைவிட உப்பு அதிகம், உடம்பு தானாக மேலே வரும். நிஜமாகவே காலை ஊன்றி நிற்க ஆசையென்றால் யாஸ்ஸிஜா தீவுகளுக்கு நடுவே ஆழம் குறைந்த இடம் இருக்கிறது, அங்கே கட்டச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் ஒரு சிக்கல். அங்கே "இறைச்சி வேண்டாம்" என்றால் கோழியும் மீனும் வந்து நிற்கலாம். கோழி வேண்டாம், மீன் வேண்டாம், சோற்றில் கோழிச்சாறும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதியே கொடுங்கள். மற்றபடி ஆலிவ் எண்ணெயில் சமைத்த பீன்ஸ், கத்தரிக்காய், வெள்ளைச் சீஸ், தக்காளி என்று வயிறு நிறையும். தயிருக்குப் பஞ்சமே இல்லை. குடாவுக்குள் சின்னப் படகில் பெண்கள் கோஸ்லெமே சுட்டு விற்க வருவார்கள். மெல்லியதாகத் தேய்த்த மாவுக்குள் கீரையோ உருளைக்கிழங்கோ வைத்து மடித்துக் கல்லில் போட்டு எடுப்பது. அதைச் சூட்டோடு தின்றால் மதுரையை ஒரு வேளை மறக்கலாம். ஊறுகாய் பாட்டிலை எதற்கும் எடுத்துப்போங்கள்.

படகில் செருப்பைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும், நமக்குப் பழக்கம்தான். நல்ல தண்ணீர் அளவாகத்தான் இருக்கும். கெட்டிப் பெட்டி வேண்டாம், அறையில் வைக்க இடமிருக்காது, துணிப்பை போதும். அறைக்குள் புழுக்கமாக இருந்தால் மேல்தளத்து மெத்தைக்கு மாறிவிடுங்கள், பாதிப் பேர் அங்கேதான் தூங்குவார்கள். குமட்டலுக்கு மாத்திரை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, காஷ் கரையிலிருந்து பார்த்தால் எதிரே மிகப் பக்கத்தில் மெய்ஸ் தீவு தெரியும். அது கிரேக்க நாட்டுத் தீவு, துருக்கி விசா அங்கே செல்லாது. பட்டியலில் அதுவும் இருந்தால், ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவும் எடுக்கப்போகிறாரா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.