உள்ளூர் ஜாமீன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்குக் குடியாத்தம். குற்றவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் பைக் திருட்டு அதிகம். வண்டியைக் கிளப்பிப் பரதராமி தாண்டிவிட்டால் ஆந்திரா. அப்புறம் இங்கே ஸ்டேஷனில் கையை விரித்துவிடுகிறார்கள். சித்தூர்ப் பக்கத்து நண்பர்களோ அங்கே திருடுகிறவன் இங்கே ஓடிவருகிறான் என்கிறார்கள். தண்டனையைக் கடுமையாக்குவது, கேமரா வைப்பது, இரவு ரோந்தைக் கூட்டுவது, இவற்றில் எது குற்றத்தைக் குறைக்கும்? ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இப்படிப்பட்ட வெளியூர்க்காரர்களை ஜாமீனில் விட்டால் ஓடிவிடுவார்கள், வழக்கு முடியும்வரை உள்ளே வைப்பதுதான் ஊருக்குப் பாதுகாப்பு என்று வகுப்பில் எல்லோரும் ஒருமனதாக முடிவுக்கு வந்தோம். நீங்கள் எல்லையில் வாழ்பவர் என்பதால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

படிக்கிற வயதில் சொந்த ஊர்ப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு ஒருவர் எழுதுவது சந்தோஷமாக இருக்கிறது. கேட்டதற்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த ‘ஒருமனதான முடிவு’தான்.

தண்டனையின் கடுமையைவிடப் பிடிபடுவது நிச்சயம் என்பதே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியர் பெக்காரியா 1764லேயே எழுதிவிட்டார். அமெரிக்க ஆய்வாளர் டேனியல் நேகின் இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் எழுதியதும் ஏறத்தாழ அதேதான். பூட்டை நெம்புகிறவன் மூன்று வருஷமா ஏழு வருஷமா என்று கணக்குப் போடுவதில்லை, யாராவது பார்க்கிறார்களா என்றுதான் பார்க்கிறான். ரோந்தைப் பொறுத்தவரை, 1972இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் சில பகுதிகளில் ரோந்தை நிறுத்தியும் சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கியும் பார்த்தார்கள். குற்றத்தில் வித்தியாசம் இல்லை. அங்கே வாழ்ந்தவர்களுக்கு ரோந்து மாறியதே தெரியவில்லை. திருட்டு நடக்கிற நாலு மூலையைக் கண்டுபிடித்து அங்கே நின்றால் பலன் உண்டு என்பது பிறகு தெரிந்தது. கேமரா வண்டி நிறுத்துமிடங்களில் கொஞ்சம் உதவும். பஸ் ஸ்டாண்டு பைக் ஸ்டாண்டில் வைக்கச் சொல்லுங்கள், போதும்.

பைக் திருட்டுக்கு நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்தது மேற்கு ஜெர்மனிக் கதை. 1980இல் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் அந்த இடத்திலேயே அபராதம் என்று கொண்டுவந்தார்கள். திருட்டைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. ஆனால் 1986க்குள் மோட்டார் சைக்கிள் திருட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பைக் திருடப் போகிறவன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டா போவான்? வெறுந்தலையோடு ஓட்டினால் முதல் சந்திப்பிலேயே மாட்டுவான். காரைத் திருடலாமே என்றால், கார்த் திருட்டும் அந்த அளவுக்குக் கூடவில்லை. பரதராமி செக்போஸ்டில் இரண்டு பக்கமும் ஹெல்மெட்டைச் சரியாகப் பார்த்தாலே உங்கள் ஊர் வண்டிகளில் பாதி ஊரிலேயே இருக்கும். உங்கள் கேள்விக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த வெளியூர்க்காரர். யார் அவர்? குடியாத்தத்திலிருந்து சித்தூர் ஒரு மணி நேரச் சொச்சம். நடுவில் ஒரு கோடு. அதைத் தாண்டினால் நீங்களும் வெளியூர்க்காரர்தான், தம்பி. ஒருநாள் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏதோ சண்டையில் உங்களைச் சேர்த்துப் பிடித்துப்போட்டால், உங்களுக்காகச் சூரிட்டி நிற்க, அதாவது நீங்கள் தவறாமல் கோர்ட்டுக்கு வருவீர்கள் என்று பொறுப்பேற்க, ஆந்திரப் பட்டாதார் பாஸ் புத்தகம் (நிலம் யாருடையது என்று காட்டும் புத்தகம்) வைத்திருக்கிற இரண்டு பேரைச் சொல்ல முடியுமா? வகுப்பில் கை தூக்கிய எல்லோரும் ஆளுக்கு இரண்டு பெயர் எழுதட்டும், பார்க்கலாம்.

என் பெரியப்பாவுக்கு ஆந்திரப் பக்கம் மாந்தோப்பு இருந்தது. எல்லாம் தோத்தாபுரி, ஜூஸ் ஃபேக்டரிக்குப் போகிற காய். சீசனுக்குக் காய் பறிக்க ஜவ்வாது மலையிலிருந்து ஆட்கள் வருவார்கள். அப்படி வந்த பையன் ஒருவன். இருபது வயது இருக்கும், மரம் ஏறினால் அணில் மாதிரி. பக்கத்துத் தோப்பில் ஒரு ராத்திரி போர் மோட்டார் ஒயரை அறுத்து எடுத்துப்போய்விட்டார்கள். காலையில் ஓடையோரம் ஒயரை எரித்துச் செம்பு எடுத்த கரி கிடந்தது. ஏட்டு வந்தார், கரியைப் பார்த்தார், கொட்டகையில் படுத்திருந்த மலைக்காரப் பையனைப் பார்த்தார். அவ்வளவுதான் விசாரணை.

ஜாமீன் கிடைத்துவிட்டது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நீதிபதி ஜாமீன் மறுக்கவில்லை. பத்தாயிரத்துக்கு இரண்டு நபர் ஜாமீன், இரண்டு பேரும் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. பெரியப்பாவுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. நான் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா திரிந்துகொண்டிருந்தேன், தாள்களைப் படித்துச் சொல்ல என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எந்தக் கோர்ட் என்று சொல்லப்போவதில்லை. எல்லைப்பக்கத்தில் எந்தக் கோர்ட்டாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

பையனின் அம்மா மலையிலிருந்து பட்டா நகலைப் பாலித்தீன் கவரில் சுற்றி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். குமாஸ்தா பிரித்துப் பார்த்தார். தமிழில் இருந்தது. “இது தமிழ்நாட்டுப் பட்டாம்மா, இங்கே செல்லாது” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மரியாதையாகத்தான் கொடுத்தார். அடுத்து பெரியப்பாவின் பாஸ் புத்தகம். “மீகு ஏமவுதாடு?” என்று கேட்டார், உமக்கு என்ன உறவு என்று. “ஏமீ காடு, பனிவாடு” என்றார் பெரியப்பா. உறவில்லை, வேலைக்காரன். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். போர் போட சொசைட்டியில் வாங்கிய கடன் அதில் பதிவாகியிருந்தது. கடன் இருக்கிற நிலம், தாசில்தாரிடம் சால்வன்சி, அதாவது சொத்து மதிப்புச் சான்று, வாங்கிவாருங்கள் என்றார்கள். அதற்கு அலைந்தோம். ஒருநாள் அதிகாரி இல்லை, மறுநாள் அவர் இருந்தார், சீல் இல்லை.

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் வீட்டு வரி ரசீது. காசு கொடுத்தால் முகம் தெரியாத யாருக்கும் சூரிட்டி நிற்பார். “இவரை வைத்து முடித்துவிடலாம், எல்லோரும் செய்கிறதுதான்” என்றார் வக்கீலின் ஆள். பெரியப்பா முடியாது என்றுவிட்டார். பொய்க்கையெழுத்து போடுகிறவன் பக்கத்தில் தன் கையெழுத்து வராது என்றார். அவர் நியாயம் அவருக்கு. உள்ளே இருந்தவன் வேறு ஆள்.

ஒயர் திருடுவதையே தொழிலாக வைத்திருக்கிறவனுக்கு அந்த வெள்ளைச் சட்டைக்காரரை நன்றாகத் தெரியும். ஜாமீன் உத்தரவு வந்த அன்று சாயங்காலமே வெளியே இருப்பான். அவனுக்கென்று வக்கீல் உண்டு, சூரிட்டி உண்டு, வாய்தாவுக்கு வரப் பைக்கும் உண்டு. முதல்முறை மாட்டியவனுக்கு, அதுவும் ஒன்றுமே செய்யாமல் மாட்டியவனுக்கு, ஒருவரும் இல்லை. உள்ளூர் ஜாமீன் என்ற சல்லடையில் தங்குகிறவன் அவன்தான். நீங்கள் பாதுகாப்பு என்கிறீர்களே, யாரிடமிருந்து யாருக்கு?

கடைசியில் அந்த அம்மாவிடம் யாரோ வழி சொன்னார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால், ரிமாண்டில் இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்து விட்டுவிடுவார்கள். வழக்காடினால் உள்ளே, ஒப்புக்கொண்டால் வெளியே. பையன் ஒப்புக்கொண்டான். வெளியே வந்தபோது சீசன் முடிந்திருந்தது. பெரியப்பா முழு சீசன் கூலியையும் கொடுத்தார், அவன் அதை எண்ணவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் எங்கள் பக்கம் எங்கே ஒயர் போனாலும் ஸ்டேஷன் கேட்டது அவன் பெயரைத்தான். இப்போது அவன் ‘பழைய கேஸ்’ ஆகிவிட்டான் அல்லவா. பிறகு அவன் எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டான்.

ஆய்வு கேட்டீர்களே, இதற்கு இருக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா, மயாமி வழக்குகளைப் பொருளியலாளர்கள் மூவர் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். கறாரான நீதிபதி, இளகிய நீதிபதி என்று யாரிடம் போகிறோம் என்பது அதிர்ஷ்டம்தானே. அதை வைத்தே ஒரேமாதிரி ஆட்களை ஒப்பிட்டார்கள். வழக்கு முடியுமுன் உள்ளே வைக்கப்பட்டவர்கள் தண்டனை பெறுவது கூடுகிறது, பெரும்பாலும் அவர்களே குற்றத்தை ஒப்புக்கொள்வதால். பிறகு முறையான வேலை கிடைப்பதும் குறைகிறது. கென்டக்கி மாநிலத்து ஆய்வு ஒன்று, ஆபத்தில்லாதவர் என்று மதிப்பிடப்பட்டவர்களையே இரண்டு மூன்று நாள் உள்ளே வைத்தால் மறுபடி குற்றத்தில் மாட்டுவது கூடுவதைக் காட்டியது. வேலை போகிறது, வாடகை நிற்கிறது, உள்ளே சேர்க்கை வேறாகிறது.

ஓடிவிடுவார்கள் என்பதும் சோதித்துப் பார்த்த விஷயம்தான். 1961இல் நியூயார்க்கில் வேரா என்ற அமைப்பு சட்ட மாணவர்களைக் கைதிகளிடம் அனுப்பியது. எத்தனை வருஷமாக இதே வீடு, குடும்பம் எங்கே, வேலை என்ன என்று கேட்டு மதிப்பெண் போட்டார்கள். வேர் இருக்கிறவரைப் பணமே கட்டாமல் சொந்தப் பொறுப்பில் விடும்படி நீதிபதிக்குச் சொன்னார்கள். அப்படி விடப்பட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வராமல் போகவில்லை. அதே நகரில் பின்னாளில் சம்மன் தாளின் எழுத்தைப் புரிகிறமாதிரி மாற்றி, வாய்தாவுக்கு முன்பு போனில் குறுஞ்செய்தி அனுப்பியதும் வராதவர்கள் கணிசமாகக் குறைந்தார்கள். ஓடியவர்கள் என்று நாம் நினைத்தவர்களில் பலர் மறந்தவர்கள், தாள் புரியாதவர்கள். மலைக்காரப் பையனுக்கு வேர் இல்லையா? நிலம், அம்மா, ஊர்த் திருவிழா எல்லாம் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

இதை நம் நாட்டில் யாரும் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978இலேயே மோதிராம் வழக்கில் சொல்லிவிட்டார். மோதிராம் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். கீழ்க்கோர்ட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. அண்ணன் தம்பி ஒருவர் முன்வந்தார், அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதால் ஏற்க மறுத்தது. ஒரு மலையாளி, கன்னடர், தமிழர், தெலுங்கர் பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ பிடிபட்டால் உள்ளூர்ச் சொத்துள்ள ஆளுக்கு எங்கே போவார் என்று கேட்டார் கிருஷ்ணய்யர். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் எழுதி வாங்கி மோதிராமை விடச் சொன்னார். 1948இல் தானே சிறையில் இருந்தவர், 1957இல் கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் பார்த்தவர். கம்பியின் இரண்டு பக்கமும் தெரிந்தவர் எழுதிய தீர்ப்பு அது.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது: விடுதலை தாமதமாவதற்கு உள்ளூர் ஜாமீன் கேட்பதும் ஒரு காரணம், அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம் என்று. எங்கள் பக்கத்து வக்கீல்கள் இன்றும் முதலில் கேட்பது, “லோக்கலில் யார் இருக்கிறார்கள்?” 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் முதல்முறை மாட்டியவரை, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் பத்திரத்தின்பேரில் விடச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் திருட்டுக்கு மூன்று வருஷம், அதில் மூன்றில் ஒன்று ஒரு வருஷம். ஒயர் அறுக்காதவன் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்! 2022ஆம் ஆண்டு முடிவுக் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராதவர்கள். அதில் ஜாமீன் கிடைத்தும் ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் கலந்திருக்கிறார்கள்.

செம்மரக் கடத்தல் வழக்குகளைப் பற்றி நான் எழுதவில்லை என்று யாராவது கோபிப்பார்கள். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட இருபது பேரைப் பற்றியும், 2013இல் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் கைதாகி 2016இல் திருப்பதி கோர்ட் விடுவித்த இருநூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பற்றியும் தனியாகத்தான் எழுத வேண்டும். அங்கே ஜாமீன் உத்தரவு வருவதே பெரிய பாடு.

ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது என்று நம்புகிறேன். பைக்கை விடுங்கள். ஜாமீன் உத்தரவு வந்த தேதியையும் கைதி வெளியே வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், எந்த மாநிலத்துக்காரர் என்பதையும் மூன்றாவதாகச் சேருங்கள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவர்களைப் பற்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்துக்குச் சிறை தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அதே 2023 உத்தரவில் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள், முதல்நாள் தரமாட்டார்கள். தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொண்டு வாருங்கள், உங்கள் வயதில் அது பெரிய வேலையில்லை. கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை இருந்தால் உட்காருங்கள். வரி ரசீது வைத்திருக்கும் ஆளைப் பார்த்தால், எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடாதீர்கள், எழுந்து போய்விடுவார். டீ சொல்லுங்கள். அப்புறம் ஆய்வேட்டில் அவர் பெயரைப் போடாதீர்கள்.

அன்புடன்.